மாக்கோழியின் மேல் விழுந்த வாள்

வன்முறை மிகுந்த திரைப்படங்களும் காணொளி விளையாட்டுகளும் மனிதரை வன்முறைக்குத் தூண்டுகின்றனவா என்னும் வினா, கொடிய குற்றம் ஒன்று நிகழ்ந்து, குற்றம் புரிந்தவரின் கைப்பேசியில் இன்ன விளையாட்டு இருந்தது என்று செய்தி வெளிவரும் ஒவ்வொரு முறையும் எழுப்பப்படுகிறது. எழுப்புவோரும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் ஒற்றைச் சொல்லையே விடையாக எதிர்பார்க்கின்றனர். உண்மையில் அதனுள் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. திரையில் கண்டதன் விளைவாக ஒருவர் வெளியுலகில் பிறரைத் துன்புறுத்துகிறாரா என்பது முதல் வினா. அது காரண காரியத்தைப் பற்றியது, அளந்தும் ஒப்பிட்டும் அறிய வேண்டியது, உளவியலாரின் ஆட்சிக்கு உட்பட்டது. வெளியுலகில் ஓர் உயிருக்கும் ஊறு நேராவிடினும், ஊறு செய்வதன் உருவத்தில் மகிழ்ந்து ஈடுபட்ட உள்ளத்துக்கு என்ன நேர்கிறது, அந்த ஈடுபாடே ஒரு வினையாகுமா என்பது இரண்டாவது. அது சமயவாணரும் மெய்யியலாரும் பன்னூறு ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா. முதல் வினாவுக்குக் கிடைக்கும் விடை இரண்டாவதையும் சேர்த்து முடித்துவிடும் என்று தடை கோருவோரும் தடையை எதிர்ப்போரும் ஒருங்கே நம்புவதுதான் இவ்விவாதம் ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம்.

முதல் வினாவை முதலில் காண்பது முறை. உளவியலார் மூர்க்கம், வன்முறை என்னும் இரண்டையும் வேறுபடுத்திப் பேசுவர். தீங்கைத் தவிர்க்க விரும்பும் ஒருவருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு செய்யப்படும் எச்செயலும் மூர்க்கம். கத்துவதும் பிடித்துத் தள்ளுவதும் அதில் அடங்கும். உடலுக்குக் கடுங்காயமோ சாவோ விளைவிக்கும் கடைக்கோடி மூர்க்கமே வன்முறை. இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டது, ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய துணைவர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 1961-இல் வெளியிட்ட ஆய்வு. காற்றடைத்த பெரிய கோமாளிப் பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து மூக்கில் குத்தி, மரச்சுத்தியலால் தலையில் அடித்து, அறைக்குள் உதைத்துத் திரிந்ததைச் சில குழந்தைகள் கண்டனர். பின்னர் அவர்களுக்கு அழகான விளையாட்டுப் பொருள்களைக் காட்டி, ஆசையோடு தொட்ட சிறிது நேரத்தில் அவற்றைப் பறித்துக்கொண்டு, அதே பொம்மை இருந்த அறையில் விட்டபோது, அவர்கள் கண்டதை ஏறத்தாழ அப்படியே செய்தனர். 1963-இல் வெளியான தொடர் ஆய்வில் திரைப்படத்தில் பார்த்த குழந்தைகளும் அவ்வாறே நடந்துகொண்டனர். இதற்கு அன்றே எழுந்த மறுப்பு எளியது, வலியது: அடித்தால் சாய்ந்து மறுபடியும் எழுவதற்கென்றே செய்யப்பட்ட பொம்மையை அடிப்பது எப்படி மூர்க்கமாகும்? அந்தப் பொம்மைக்கு வலிக்காது என்பது குழந்தைக்கும் தெரியும்.

அதன்பின் வந்த ஆய்வுகள் இந்தக் குறையை வெவ்வேறு வழிகளில் தாண்ட முயன்றன. அடுத்த அறையில் இருப்பதாக நம்பவைக்கப்பட்ட போட்டியாளரின் காதில் எவ்வளவு உரத்த இரைச்சலை எவ்வளவு நேரம் பாய்ச்சுகிறார் என்பதையும், காரம் பிடிக்காதவர் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு எவ்வளவு காரக்குழம்பை எடுத்து ஊற்றுகிறார் என்பதையும் கொண்டு மூர்க்கத்தை அளந்தனர். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளும் நடந்தன. அவ்வகை ஆய்வுகள் 24-ஐத் தொகுத்து, 17,000-க்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஒரு கணிப்பு, வன்முறை விளையாட்டுகளை ஆடியோரிடம் பிற்காலத்தில் உடல்வழி மூர்க்கம் சற்றே கூடுவதாகக் கண்டது. ஆயினும் மூர்க்கத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் அது விளக்குவது ஏறக்குறைய 100-இல் 1 பங்கே. எதை எப்படி அளப்போம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,000 பேரிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வோ அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2015-இல் இவ்விளையாட்டுகள் மூர்க்கத்தைக் கூட்டுகின்றன என்று தீர்மானம் இயற்றிவிட்டு, 2020-இல் அதைத் திருத்தி, கத்துதல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டென்றும், கொடிய வன்முறைக்கு இவையே காரணம் என்று சொல்லச் சான்று போதாதென்றும் தெளிவுபடுத்தியது. அமெரிக்காவில் காணொளி விளையாட்டுகளின் விற்பனை ஏறிக்கொண்டே போன 1990-களின் பிற்பகுதியில் இளையோர் புரியும் வன்குற்றங்கள் ஏறவில்லை, பெருமளவு குறைந்தன என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஆகவே விளையாட்டு ஒன்று சாதுவான பிள்ளையைக் கொலையாளியாக்கிவிடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று துணிந்து சொல்லலாம். அந்த அச்சத்தைப் பரப்புவது தீங்கற்ற மிகைப்படுத்தலும் அன்று. வறுமை, வீட்டில் விழும் அடி, போதை, எளிதில் கிட்டும் ஆயுதம், சாதிவெறி முதலிய மெய்யான காரணங்களின் மீது விழவேண்டிய பார்வையை அது திருப்பிவிடுகிறது. இவ்வளவில் முதல் வினா ஏறக்குறைய தீர்கிறது. தீராமல் எஞ்சுவது அந்தப் பொம்மை. உயிரில்லாத உருவத்தை உயிருள்ளதாகப் பாவித்து அடிப்பது எத்தகைய செயல் என்பதை எந்த அளவுகோலாலும் அளந்து சொல்ல இயலாது. அதைச் சொல்லத் துணிந்த ஒரு நூல் தமிழில் உண்டு.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம், ஆசிரியர் பெயர் உறுதியாக அறியப்படாத, 300-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட சமண நூல். சமணர்கள் இக்கதையை வடமொழியிலும் அபப்பிரஞ்சத்திலும் கன்னடத்திலும் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கின்றனர். சோமதேவர் 959-இல் முடித்த யசஸ்திலகமும், ஜன்னன் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்னடத்தில் இயற்றிய யசோதர சரிதையும் அவற்றுள் புகழ்பெற்றவை. உஞ்சயினி மன்னன் யசோதரன், தன் அரசி அமிர்தமதி யானைப்பாகன் ஒருவன்பால் மனம் போக்கியதைக் கண்ணாரக் கண்டு உள்ளம் குலைகிறான். அதை வெளியே சொல்ல மனமின்றித் தீக்கனாக் கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூற, அவள் தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொல்கிறாள். கொல்லாமையில் நின்ற மன்னன் மறுக்கிறான். தாய் விடுவதாயில்லை. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றனர்: உயிருள்ள கோழி வேண்டா, மாவினால் ஒரு கோழி செய்து பலியிடலாம். மாக்கோழி செய்யப்படுகிறது, மெய்யான சேவலோ என்று ஐயுறும்படி வண்ணம் தீட்டப்படுகிறது, மன்னன் வாளை வீசி அதன் தலையைத் துணிக்கிறான். வெட்டுண்ட மாக்கோழி கூவியதாக இக்கதையின் வடிவங்கள் கூறுகின்றன. அந்த வினையின் பயனாகத் தாயும் மகனும் அமிர்தமதி ஊட்டிய நஞ்சினால் மாண்டு, மயிலும் நாயுமாகத் தொடங்கி விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழல்கின்றனர். பிறவிதோறும் ஒருவரால் மற்றவரோ, பிறராலோ அடிக்கப்பட்டும் அறுக்கப்பட்டும் சாகின்றனர்.

செய்த வினைக்கும் நேர்ந்த பயனுக்கும் இடையிலுள்ள இந்தப் பொருத்தமின்மை இக்காலத்தவரைத் திடுக்கிடச் செய்யும். அக்காலத்துக் கேட்போரையும் திடுக்கிடச் செய்திருக்கும், கதையின் நோக்கமே அதுவாக இருக்கலாம். ஒரு பிடி மாவுக்கு இத்தனை பிறவியா என்று கேட்பவருக்கு நூல் தரும் விடை, கொலையைக் கருத்து என்றும் செயல் என்றும் இரண்டாகப் பிரிக்கும் சமணக் கோட்பாட்டில் இருக்கிறது. உடலிலிருந்து உயிரைப் பிரிப்பது திரவிய இம்சை, அதாவது புறத்தே நிகழும் கொலை. கொல்வேன் என்று உள்ளம் துணிவது பாவ இம்சை, அதாவது அகத்தே நிகழும் கொலை. இங்கே 'பாவ' என்பது உளநிலையைக் குறிக்கும் வடசொல்லே. மன்னன் வெட்டியது மாவைத்தான். கோழியாகக் கருதித்தான் வெட்டினான். தேவி கோழியாகவே ஏற்கவேண்டும் என்றுதான் படைத்தான். கோழியின் சாவு அவன் உள்ளத்தில் முழுமையாக நடந்தேறிவிட்டது. புறத்தே ஓர் உயிர் போகாமலிருந்தது அவன் அறத்தின் விளைவன்று, தாயோடு செய்துகொண்ட பேரத்தின் விளைவு.

இவ்வளவோடு நின்றால் உருவத்தைத் தொட்ட எவரும் குற்றவாளி என்றாகும். அப்படிப் பொதுப்படத் தீர்க்கச் சமண மரபே இடங்கொடுப்பதில்லை என்பதை மற்றொரு சிறுகாப்பியமான நீலகேசி காட்டுகிறது. சுடலையை அடுத்த காளி கோயிலுக்கு மக்கள் நேர்ந்துகொண்ட உயிர்களைப் பலியிடக் கொண்டுவரும்போது, அங்கே தவமிருந்த முனிச்சந்திரர் அவர்களைத் தடுத்து, உயிர்களுக்கு ஈடாக மண்ணால் செய்த உருவங்களை வைத்தால் போதும் என்று அறிவுறுத்துகிறார். அதனால் பலியிழந்த காளியின் சினத்திலிருந்துதான் நீலகேசியின் கதையே கிளைக்கிறது. ஒரே சமயத்தாரின் நூல்கள் இரண்டில், உருவத்தைப் பலியாகக் கொள்வது ஒன்றில் நரகத்துக்கு நிகரான பிறவிகளுக்கு வாயில், மற்றொன்றில் முனிவரே காட்டும் விடுதலை. முரண் போலத் தோன்றும் இதனை உற்று நோக்கினால் வேறுபாடு உருவத்தில் இல்லை என்பது விளங்கும். மண் உருவம் வைக்கப்படுகிறது. அதை வைத்தவர் பலிக்குக் கொண்டுவந்த உயிரைக் கொல்லாமல் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். மாக்கோழி வெட்டப்படுகிறது, அதை வெட்டியவன் வாளை ஓங்கும் கணத்தில் ஒரு கொலையை உள்ளத்தில் நிகழ்த்துகிறான். உருவம் குற்றமற்றது, உருவத்தைக்கொண்டு உள்ளம் எதைச் செய்துகொள்கிறது என்பதே வினா என்னும் இந்த நுட்பத்தை, இன்றைய விவாதத்தில் தடை கோருவோரும் எதிர்ப்போரும் ஒருங்கே இழந்திருக்கின்றனர்.

விளையாடுவோரின் தரப்பில் நின்று வாதிடவும் அதே மரபில் கருவி கிடைக்கிறது. சூத்திரகிருதாங்கம் என்னும் பழைய சமண ஆகமத்தில் ஆர்த்திரகர் என்பவர் பிற சமயத்தாரோடு வாதிடும் பகுதி ஒன்று உண்டு. பிண்ணாக்குக் கட்டி ஒன்றை மனிதனென்று எண்ணி வேலால் குத்தியவன் கொலைகாரன், குழந்தையைச் சுரைக்காயென்று எண்ணிக் குத்தியவன் கொலைகாரனல்லன் என்னும் கொள்கை பௌத்தர் வாயில் வைக்கப்பட்டு, பின்னர் கடுமையாக மறுக்கப்படுகிறது. எண்ணம் மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும், குழந்தையைச் சுரைக்காயென்று எண்ணும்படி அசட்டையாக இருந்ததே குற்றம் என்பது சமணர் துணிபு. இப்போது கைப்பேசியில் பப்ஜி ஆடும் இளைஞரை எண்ணலாம். நூறு பேர் வானிலிருந்து ஒரு தீவில் குதித்து, கிடைத்த ஆயுதத்தை எடுத்து, கடைசியில் எஞ்சும் ஒருவரோ ஒரு குழுவோ வெல்லும் அந்த ஆட்டத்தில், அவர் சுடுவது பிண்ணாக்கு என்பதை ஐயமற அறிந்தே சுடுகிறார். சுடப்பட்ட நண்பரும் அடுத்த ஆட்டத்தில் சிரித்துக்கொண்டே வந்து சேர்கிறார். யசோதரனைப் போல ஓர் உயிரைப் போக்கும் துணிவு அங்கே இல்லை. கண்ணாமூச்சியில் பிடிபடுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு, இதற்கும் கொலைக்கும் உள்ள தொலைவைவிடக் குறைவு என்றே சொல்லவேண்டும். அந்த இளைஞரைப் பாவி என்று தூற்றுவோர் சமணத்தின் கொல்லாமையையே சரியாகப் புரிந்துகொள்ளாதவர்.

எனினும் எல்லாப் படைப்பும் இத்தகைய கண்ணாமூச்சியன்று. இல்லறத்தார்க்குச் சமணம் வகுத்த நோன்புகளுள் அனர்த்த தண்டத்தை விடுதல் என ஒன்றுண்டு. பயன் ஏதுமின்றிச் செய்யும் தீங்குகளிலிருந்து விலகுதல் என்பது அதன் பொருள். உழுதலாலும் சமைத்தலாலும் சிற்றுயிர்கள் மாய்வதை இல்லறத்தார் முற்றத் தவிர்க்க இயலாது. வாழ்க்கைக்கு வேண்டாத தீங்கையாவது விடுக என்கிறது அந்நோன்பு. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அந்தத் தீங்குகளை ஐந்தாக வகுக்கின்றன. பாவத்தொழில்களைப் பிறர்க்குக் கற்பித்தலும், ஆயுதம் முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தலும், நீரையும் நெருப்பையும் மரம் செடிகளையும் வீணே அழித்துத் திரிதலும் எளிதில் விளங்குவன. மற்ற இரண்டும் வியப்பூட்டுவன. பகையாலோ பற்றாலோ பிறர் கொல்லப்படுதல், கட்டுண்ணுதல், உறுப்பிழத்தல் ஆகியவற்றை மனத்தில் எண்ணி எண்ணி மகிழ்தல் ஒன்று. சினத்தையும் செருக்கையும் காமத்தையும் துணிகரத்தையும் கிளறி உள்ளத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டல் மற்றொன்று. பின்னதற்குத் துச்சுருதி, அதாவது தீய கேள்வி என்று பெயர். திரையரங்கும் கைப்பேசியும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கதை கேட்பதை ஆயுதம் கொடுப்பதோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணிய அறநூலார் இருந்தனர் என்பது சாதாரணச் செய்தியன்று.

இதற்கு எதிர்நிலையில், இன்னும் வலுவோடு, சுவைக் கோட்பாடு நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காசுமீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய உரையில், கூத்தைக் காண்பவர் நுகரும் உணர்ச்சி அவருடைய சொந்த உணர்ச்சியன்று என்று விளக்கினார். நாடகத்தில் வேட்டையாட வரும் மன்னன் துஷ்யந்தனின் தேருக்கு அஞ்சி ஓடும் மானைக் காண்பவர் அச்சத்தை நுகர்கிறார். அந்த அச்சம் இந்த மானுக்கோ அவருக்கோ உரியதாக இராமல், இடமும் காலமும் நீங்கிய பொது அச்சமாகிவிடுகிறது. சாதாரணீகரணம் அல்லது பொதுமையாக்கம் எனப்படும் இம்மாற்றம் நிகழ்ந்தபின், மேடையில் காணும் சினமும் எவர்மீதும் பாயாத சினமாகிச் சுவையாகவே நின்றுவிடும். கிரேக்க அரிஸ்டாட்டிலும் துன்பியல் நாடகம் உள்ளத்தின் உணர்ச்சிகளைத் தூய்மை செய்கிறது என்றார். ஆனால் அவர் தூய்மை பெறுவனவாகக் குறித்தவை இரக்கமும் அச்சமும். சினத்தை அவர் அங்கே சொல்லவில்லை. அடக்கிய சினத்தைத் திரையில் கொட்டித் தீர்த்தால் வீட்டில் அமைதி நிலவும் என்று இன்று பலரும் அவர் பெயரால் கூறுவது அவர் கூறாத ஒன்று. ஆய்வும் அதற்குத் துணை நிற்கவில்லை. சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியோர் சினம் தணியாமல், சும்மா உட்கார்ந்திருந்தோரைவிட மூர்க்கமாக நடந்துகொண்டனர் என்பதை பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தனக்குச் சினமூட்டிய ஒருவரை மனத்தில் நிறுத்திக் குத்தும்போது அந்தச் சினம் பொதுமையாவதில்லை. அது ஆளும் முகவரியும் உடையதாகவே இருக்கிறது.

பொதுமையாகும் சினத்துக்கும் முகவரியுள்ள சினத்துக்கும் இடையே படைப்பின் கட்டமைப்பு வகிக்கும் இடத்தைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தெளிவாக்குகிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுக் காண்பார்க்குப் புலனாதல். எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றான வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுகிறார்: உறுப்பைக் குறைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். கொடுமையைக் காணும் உள்ளம் வெகுள்கிறது. அந்த வெகுளி இழிவானதன்று, அறத்தின் கூறும் அதில் உண்டு. பழிவாங்கும் கதையுடைய திரைப்படங்கள் அனைத்தும் இந்த நான்கையும் நன்கு அறிந்தே வைத்திருக்கின்றன. முற்பாதியில் நாயகனின் தங்கை சிதைக்கப்படுகிறாள், தந்தை நடுத்தெருவில் அடிக்கப்படுகிறார், நண்பன் கொல்லப்படுகிறான். நான்கு நிலைக்களன்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பப்பட்டுக் காண்போரின் வெகுளி முற்றியபின், பிற்பாதியில் அதே நான்கையும் நாயகன் பகைவர்க்குச் செய்கிறான். முன்பு எது கொடுமை என்று காண்போர் துடித்தாரோ, அதையே இப்போது கைதட்டி வரவேற்கிறார். செயல் மாறவில்லை; அதற்கு உரிமம் வழங்கப்பட்டுவிட்டது.

உளவியலாரின் சான்றுகளுள் மிகவும் கருதத்தக்கதும் இந்த இடத்தோடு ஒத்துவருவதே. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் பெர்க்கோவிட்ஸ் 1960-களில் நடத்திய ஆய்வுகளில், 'சாம்பியன்' என்னும் 1949-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் குத்துச்சண்டை வீரன் அடிபட்டு விழும் காட்சியைப் பலருக்குக் காட்டினர். அடிபடுபவன் கெட்டவன், அவனுக்கு இது வேண்டியதுதான் என்னும்படி கதை சொல்லப்பட்டோர், தம்மைச் சீண்டியவர்மீது பிறரைவிடக் கூடுதல் கடுமை காட்டினர். இரு கூட்டத்தாரும் கண்டது ஒரே அடி, ஒரே வீழ்ச்சி. வேறுபட்டது, அந்த அடி நியாயமானது என்னும் ஒப்புதல் மட்டுமே. சந்திரமதி மகனைக் கொலைக்கு அழைத்தபோதும் கொலை என்று அழைக்கவில்லை. தீங்கு நீங்கும், நாடு அமைதியுறும் என்றே அழைத்தாள். மனிதர் கொடுமைக்கு இணங்குவது பெரும்பாலும் கொடுமையில் உள்ள ஆசையால் அன்று, அதற்குக் கிடைத்த நியாயத்தால். சாதியின் மானம் காக்கப் பெற்ற மகளையே கொல்வோரும், இனத்தைக் காப்பதாகச் சொல்லி அயலவர் வீட்டைக் கொளுத்துவோரும் தம்மை நாயகராகவே காண்கின்றனர். அவர்களுக்கு அந்தக் காட்சியைத் திரைப்படம் கற்பித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காட்சி எந்த இலக்கணத்தில் அமைந்திருக்கிறதோ அதே இலக்கணத்தை வாரந்தோறும் பயிற்றும் கலையைக் கவலையின்றிக் காணவும் முடியாது.

குருதி அதிகமா குறைவா என்பது ஆகவே இரண்டாம்பட்சம். யசோதர காவியமே குருதி தோய்ந்த நூல்தான். நஞ்சூட்டலும் வெட்டும் வேட்டையும் நிறைந்த அக்கதையைத் துச்சுருதி என்று சமணர் தள்ளவில்லை, பல மொழிகளில் எழுதிப் போற்றினர். விலங்கிணைகளோடு மனித இணையொன்றையும் சண்டமாரி என்னும் தேவிக்குப் பலியிட முனைந்த மாரிதத்தன் என்னும் அரசனிடம், பலிக்கெனப் பிடித்துவரப்பட்ட இளந்துறவியர் இருவர் தம் முற்பிறவிக் கதையாக இதனைச் சொல்கின்றனர். கேட்ட அரசன் பலியைக் கைவிடுகிறான். வெட்டுண்டவர் யார் என்பதை, வெட்டியவனே அடுத்த பிறவியில் வெட்டுண்டு உணரும்படி அக்கதை அமைக்கப்பட்டிருக்கிறது. காணொளி விளையாட்டுகளிலும் இதற்கு நிகரானவை உண்டு. சரயேவோ முற்றுகையின் நினைவிலிருந்து உருவாகி 2014-இல் போலந்திலிருந்து வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டில் ஆடுபவர் படைவீரர் அல்லர். போர் சூழ்ந்த நகரில் உணவும் மருந்தும் தேடும் எளிய குடிமக்களை நடத்திச் செல்பவர். இரவில் முதிய கணவனும் மனைவியும் தனித்திருக்கும் வீட்டுக்குள் புகுந்து அவர்களுடைய உணவை அள்ளிக்கொண்டு வரலாம். எதிர்த்துச் சண்டையிட அவர்களுக்கு வலுவில்லை. அள்ளிவந்தபின் அந்தப் பாத்திரம் மனம் சோர்ந்து துவள்கிறது, உடனிருப்போரும் கலங்குகின்றனர், அவர்களைக்கொண்டு அடுத்த நாளை ஓட்டுவதே கடினமாகிறது. திருட்டுக்கு ஆட்டம் எந்த உரிமமும் தருவதில்லை.

சட்டத்தின் வழியாக இதற்குத் தீர்வு காண முயன்றவர்கள் தோற்றதில் வியப்பில்லை. 18 வயதுக்குட்பட்டோருக்கு வன்முறை விளையாட்டுகளை விற்கலாகாது என்று கலிஃபோர்னியா 2005-இல் இயற்றிய சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2011-இல் செல்லாதென்றது. கிரிம் உடன்பிறப்புகளின் சிறுவர் கதைகளும் கொடுமை நிறைந்தவையே என்பதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. குஜராத்தின் ராஜ்கோட்டில் 2019-இல் காவல்துறை பப்ஜியைத் தடைசெய்து, அதை ஆடிய மாணவர்களைக் கைதுசெய்தது. கண்ணாமூச்சியைக் குற்றமாக்கிய அச்செயல் இளையோர்க்கு அறத்தைக் கற்பித்திருக்க வழியில்லை. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டுத் திரைப்படத் திருத்தச் சட்டம் பெற்றோர் வழிகாட்டலோடு காணத்தக்க படங்களை 7, 13, 16 என்னும் வயதுகளைக் கொண்டு பிரித்திருப்பது பயனுள்ளதே. எனினும் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை வெட்டு என்பதைவிட, வெட்டுண்டவருக்கு அந்தப் படம் ஒரு முகத்தையாவது கொடுத்ததா என்பதே. அதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. உடன் அமர்ந்து பார்த்தவரே சொல்ல இயலும். அனர்த்த தண்டத்தை விடுதல் என்பதைச் சமணர் அரசாணையாகக் கொள்ளாமல், இல்லறத்தார் தாமே விரும்பி ஏற்கும் நோன்பாகக் கொண்டதில் இந்தத் தெளிவு இருக்கிறது.

நோன்பு காண்போருக்கு மட்டும் உரியதன்று. பௌத்தரின் சம்யுத்த நிகாயத்தில், தாலபுடன் என்னும் கூத்தர் தலைவன் புத்தரிடம் வந்து, மேடையில் மெய்யும் பொய்யும் கலந்து மக்களை மகிழ்விக்கும் கூத்தர்கள் இறந்தபின் சிரிக்கும் தேவருலகை அடைவார்கள் என்று முன்னோர் சொன்னது உண்மையா என்று வினவுகிறான். கேட்காதே என்று இருமுறை தடுத்த புத்தர், மும்முறை வற்புறுத்தியபின் விடை கூறுகிறார்: ஆசையும் வெறுப்பும் மயக்கமும் இன்னும் அறாத மக்கள்முன் அவற்றை மேலும் மூட்டும் பொருள்களையே கூத்தன் கொண்டுவந்து குவிக்கிறான், தானும் மயங்கிப் பிறரையும் மயக்கிய அவன் அடைவது நரகம். தாலபுடன் அழுகிறான். விடை கடுமையாக இருந்ததற்காக அழவில்லை, தலைமுறை தலைமுறையாக வந்த கூத்தாசிரியர்கள் தன்னை நெடுங்காலம் ஏமாற்றிவந்ததற்காகவே அழுவதாகச் சொல்லித் துறவு பூணுகிறான். கலைஞர் எல்லாரும் தொழிலைத் துறக்கவேண்டும் என்று இதிலிருந்து கொள்ளவேண்டியதில்லை. பௌத்தம் பரவிய நாடுகளிலும் கூத்து வாழத்தான் செய்தது. ஆயினும் காண்போரின் உள்ளத்தில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பது எது, தம் படைப்பு அதன்மேல் எதைக் கொண்டுபோய்ப் போடுகிறது என்னும் கேள்வியைப் படைப்போரும் விற்போரும் தம்மிடமே கேட்டுக்கொண்டாக வேண்டும். கொலைக்கருவி கொடுத்தலையும் தீய கேள்வியையும் அருங்கலச்செப்பு ஒரே நோன்பின்கீழ் வைத்திருப்பதால், கேட்டவரோடு சேர்த்துக் கொடுத்தவரும் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவராகிறார்.